ஹேசல் பிடிபட்ட விதம்

இல்ஃபோர்ட்
9.4.1989

அன்பின் கௌரி அறிவது,

நான் நல்ல சுகம். உமக்கும் பிள்ளைக்கும் ஒரு குறையும் வராமல் பிள்ளையார் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று கும்பிட்டுவிட்டுத்தான் பேனையை எடுத்தேன்.

விசா கிடைத்துவிட்டது என்று நீர் ரெலிபோனில் சொன்னதும் நான் போட்ட சத்தத்தில் பாலேந்திரா அண்ணை சமையலறையிலிருந்து கரண்டியும் கையுமாக ஓடிவந்தார். யாரோ செத்துவிட்டார்கள் என்று நினைத்தாராம். அவருடைய வீட்டில் ஒரு அறையில் நான் இருப்பதால் என் நல்லது கெட்டது எல்லாம் முதலில் அவர் காதில்தான் விழுகிறது. நாலு வருசம், கௌரி! இனி ஜூன் மாதம் நீங்கள் இரண்டு பேரும் இங்கே. பக்கத்துத் தெருவில் ஒரு சின்ன வீடு பார்த்திருக்கிறேன். மேலே இரண்டு அறை, பின்னால் ஒரு துண்டு வளவு. கறிவேப்பிலை இந்தக் குளிருக்கு நிற்காது என்று எல்லாரும் சொல்கிறார்கள். உமக்கு அதுதான் முதல் கவலையாக இருக்கும்.

என் கவலை வேறு. அன்று பிள்ளையைக் கூப்பிடச் சொன்னேன். அவள் கட்டிலுக்குக் கீழே போய்ப் பூந்துகொண்டாள். நீர் இழுத்துக்கொண்டு வந்து ரெலிபோனை அவள் காதில் வைத்தீர். நானும் இங்கிருந்து, "பாமா, அப்பா கதைக்கிறன், அப்பா எண்டு சொல்லு, ஒருக்காச் சொல்லு" என்று கத்தினேன். அவள் வீரிட்டு அழுதது இன்னும் என் காதுக்குள் நிற்கிறது. அதற்கு மேலே, உமது அண்ணரின் பிள்ளைகளைப் பார்த்து அவளும் அவரைத்தான் அப்பா என்று கூப்பிடுகிறாள் என்று நீர் சொன்னீர். கிருஷ்ணமூர்த்தி அண்ணர் உங்கள் இரண்டு பேருக்கும் இவ்வளவு காலம் கொழும்பில், வெள்ளவத்தையில் இடம் தந்து பார்க்கிறவர், அவர்மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "படத்தைக் காட்டிச் சொல்லிக் குடுக்க உமக்கு என்ன கஷ்டம்" என்று உம்மீது பாய்ந்துவிட்டு ரெலிபோனை வைத்துவிட்டேன். நான் ஊரைவிட்டு வெளிக்கிடும்போது அவள் தவழத் தொடங்கியிருந்தாள். என்னை எப்படி அவளுக்குத் தெரியும்? அது எனக்கும் விளங்குகிறது. விளங்கினால் மட்டும் மனம் கேட்டுவிடுமா?

இனி வேலைப் புதினம். பெற்றோல் ஷெட் வேலையை விட்டுவிட்டேன். ஹெய்னோல்ட் பக்கம் ஒரு குதிரை லாயம் இருக்கிறது, மிஸிஸ் பென்ஃபோல்ட் என்ற கிழவி நடத்துகிறார். அங்கேதான் இப்போது சாணி அள்ளுகிறேன், வைக்கோல் போடுகிறேன். இந்த வேலை கிடைத்த கதையைக் கேட்டால் சிரிப்பீர். பாலேந்திரா அண்ணைக்கு அந்தக் கிழவியைப் பழக்கம். இவர் போய், "எங்கட நேசன் நெடுந்தீவான். அங்கை தெருவெல்லாம் குதிரைதான்" என்று சொல்லியிருக்கிறார். அவருக்கு ஊர் கோண்டாவில், அவருக்கு என்ன தெரியும்? ஆளில்லாமல் திரிகிற நெடுந்தீவுக் குதிரையை யார் கௌரி தொட்டோம்? தோட்டத்துக்குள்ளே வந்தால் கல்லெறிந்து கலைப்போம். குதிரையைக் கலைக்கச் சொன்னால் இந்த லண்டனிலேயே என்னை அடிக்க ஆளில்லை. பிடிக்கச் சொன்னால்தான் பிரச்சினை.

அந்தப் பிரச்சினைதான் இப்போது வந்திருக்கிறது. லாயத்தில் ஹேசல் என்று ஒரு பெண்குதிரை, மண்ணிறம், நெற்றியில் வெள்ளைச் சுட்டி. புல்வெளியில் விட்டால் பிடிபடமாட்டாள். கிட்டப் போகும்வரை பேசாமல் நிற்பாள். கையை நீட்டியதும் ஒரு திரும்பல், அவ்வளவுதான், அடுத்த மூலையில் நிற்பாள். மாதக்கணக்காகக் குளம்பு வெட்டவில்லை, அது வளர்ந்து வெடித்துப்போய்க் கிடக்கிறது. மே மாத நடுவில் குதிரை வியாபாரி வருவான், பிடிபடாத குதிரைக்குத் தீன் போட என்னால் முடியாது, லொறியில் ஏற்றி விடப்போகிறேன் என்று கிழவி சொன்னார். அந்த வியாபாரி வாங்கும் குதிரைகள் மறுபடி யாரையும் ஏற்றிக்கொண்டு போவதில்லை. இறைச்சிக்குத்தான் போகும். இதை அவர் சொன்னது உம்மோடு ரெலிபோனில் சண்டைபிடித்த மறுநாள். எனக்கு என்ன வந்ததோ தெரியாது, நான் பிடித்துத் தருகிறேன், விற்க வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

முதலில் வாளியில் தீன் கொண்டுபோனேன். தலையை விட்டு ஒரு வாய் அள்ளிக்கொண்டு ஓடிவிட்டாள். மூன்று முறை ஏமாந்தேன். பிறகுதான் ஊர்ப்புத்தி வந்தது. நேற்று பாலேந்திரா அண்ணையையும் வீட்டிலுள்ள இரண்டு பெடியளையும் கூட்டிக்கொண்டு போய், கயிற்றைக் குறுக்கே பிடித்து, "ஓய் ஓய்" என்று கத்தி ஒரு மூலைக்குள் ஒடுக்கினோம். பாலேந்திரா அண்ணைக்கு நல்ல உற்சாகம், சாரத்தை மடித்துக் கட்டாத குறைதான். அவள் எங்களைப் பார்த்தாள், வேலியைப் பார்த்தாள். நெஞ்சால் மோதி வேலியை உடைத்துக்கொண்டு பக்கத்துத் தோட்டத்துக்குப் போய்விட்டாள். நெஞ்சில் இரத்தம். பின்னேரம் தானாகத் திரும்பி வந்தாள், ஆனால் இப்போது என்னைத் தூரத்தில் கண்டாலே ஓடுகிறாள். வேலியை நீதான் கட்டித் தரவேண்டும் என்று கிழவி சொல்லிவிட்டார்.

கட்டுவேன். அவளையும் பிடிப்பேன். விடுகிற எண்ணம் இல்லை. பிள்ளையின் மூக்கடைத்த தடிமன் சுகமா என்று எழுதும்.

அன்புடன்,
நேசன்


இல்ஃபோர்ட்
30.4.1989

அன்பின் கௌரி அறிவது,

உமது கடிதம் வியாழக்கிழமை கிடைத்தது. நாலு பக்கத்துக்குக் குதிரையைப் பற்றி எழுதியவர் கட்டின மனுசியைப் பற்றி ஒரு வரி எழுதவில்லையே என்று கேட்டிருக்கிறீர். சரி, எழுதுகிறேன். நீர் வந்தபிறகு உம்மைக் கொண்டு ஒரு வேலையும் செய்விக்கமாட்டேன். முதல் கிழமை மட்டும். போதுமா?

ஒரு விசயத்தைக் கடுமையாகச் சொல்கிறேன், கோபிக்க வேண்டாம். காலையும் மாலையும் பிள்ளையை என் படத்துக்கு முன்னால் நிறுத்தி, கைகூப்ப வைத்து, "அப்பா நான் நித்திரைக்குப் போறன்" என்று சொல்ல வைப்பதாக எழுதியிருந்தீர். ஐயோ, அதை நிறுத்தும்! செத்தவனுக்குச் செய்கிற வேலை அது. பூ ஒன்றுதான் குறை. அவள் படத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்துவிடுகிறாள் என்றும் எழுதியிருக்கிறீர். நானாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன். படத்தை எடுத்துப் பெட்டிக்குள் வையும். நான்தான் ரெலிபோனில் கத்தி இதைச் செய்யவைத்தேன், உமக்கு ஏச்சு இல்லை.

இனி ஹேசல். வேலை முடிந்தபிறகு ஒவ்வொரு பின்னேரமும் வேலி கட்டினேன். கட்டை நட்டு, பலகை அடித்து, ஆணி அறைந்து. இந்த ஊரில் இப்போது வெளிச்சம் நீண்ட நேரம் நிற்கிறது. கையிலே கயிறு இல்லை, வாளி இல்லை, சுத்தியல் மட்டும்தான். அவளைப் பிடிக்கிற நினைப்பையும் அந்த நேரத்துக்கு விட்டிருந்தேன், எனக்கு என் முதுகுவலி. இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ பின்னால் ஒரு மூச்சுச் சத்தம். திரும்பினேன். அவள் நின்றிருந்தாள், திரும்பியதும் போய்விட்டாள். சரி போடி என்று வேலையைப் பார்த்தேன். மறுபடி வந்தாள். சுத்தியல் சத்தம் என்ன, இந்த மனுசன் என்ன செய்கிறான் என்று பார்க்கத்தான் வந்திருக்கிறாள். திரும்பாமல் வேலை செய்தால் நிற்கிறாள். திரும்பினால் ஓடுகிறாள்.

திரும்பாமல் இருப்பது லேசான வேலை என்று நினைக்காதேயும். கழுத்து தானாகத் திரும்பப் பார்க்கும். நான் பொறுமைசாலி இல்லை என்பது உமக்குத் தெரியும், கலியாணவீட்டில் ஐயரை அவசரப்படுத்தியவன் நான். அதனால் வாயாலே ஏசிக்கொண்டே ஆணி அடித்தேன். "அடியேய், உனக்கு நான் என்னடி செய்தனான்? இறைச்சிக்கடைக்குப் போகத்தான் ஆசையோ? நல்லாப் போ" என்று இப்படி. ஏசினால் அவளுக்கு விருப்பம் போல. அந்த ஏச்சுக் கேட்கிற தூரத்துக்கு ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கிட்ட வந்தாள். செவ்வாய்க்கிழமை என் பின்பொக்கற்றை மூக்கால் தட்டினாள். கௌரி, எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. திரும்பவில்லை. ஆணி மட்டும் கோணலாகப் போய்விட்டது.

இவள் ஏன் இப்படி என்று கிழவியிடம் கேட்டேன். ஹேசல் நாலு வீடு மாறியவளாம். ஒவ்வொரு முறையும் ஒருத்தர் தலைக்கயிற்றோடு வருவார், அதைப் போட்டதும் லொறி, லொறி நின்றதும் தெரியாத இடம், தெரியாத ஆட்கள். இங்கே வந்தபிறகும் கயிறு போட்டாலே ஊசிக்கோ குளம்பு வெட்டவோதான். சும்மா ஒருநாளும் யாரும் அவளிடம் போகவில்லை. அவள் ஓடுவது குணத்தால் இல்லை என்று எனக்கு அப்போதுதான் பட்டது. நானாக இருந்தாலும் ஓடியிருப்பேன். இப்போது தலைக்கயிற்றைத் தோளில் வெளிப்படையாகப் போட்டுக்கொண்டுதான் வேலி கட்டுகிறேன். ஒளித்துவைக்கிற விளையாட்டு எனக்கு வேண்டாம். அவள் அதை மணந்து பார்க்கிறாள், நான் ஒன்றும் செய்வதில்லை.

வேலி முடிந்துவிட்டது. ஆனால் நான் முடித்த பலகையைக் கழற்றித் திரும்ப அடித்துக்கொண்டிருக்கிறேன். கிழவி பார்த்துவிட்டு உனக்கு மூளை கலங்கிவிட்டதா என்று கேட்டார். ஓம் என்றேன். வியாபாரி வர இன்னும் மூன்று கிழமை.

கடிதத்தைப் பாமாவுக்கும் வாசித்துக் காட்டுகிறீர் என்று எழுதியிருந்தீர். குதிரை வேலியை உடைத்த இடத்தில் அவள் கைதட்டினாளாமே! அவள் யார் பக்கம் என்பது நன்றாகத் தெரிகிறது.

உடம்பைப் பார்த்துக்கொள்ளும். கொழும்பு நிலவரம் சரியில்லை என்று கேள்வி. தேவையில்லாமல் வெளியே போகவேண்டாம்.

அன்புடன்,
நேசன்


இல்ஃபோர்ட்
21.5.1989

அன்பின் கௌரி அறிவது,

பிடித்துவிட்டேன்! முதலில் அதைச் சொல்லிவிட்டேன், இனி ஆறுதலாக வாசியும்.

வியாபாரி சனிக்கிழமை வருவதாக இருந்தது. புதன்கிழமை பின்னேரம் நான் வேலிப்பக்கம் குந்தியிருக்க அவள் வந்து தலையை என் தோளுக்கு மேலே நீட்டினாள். நான் எழும்பினேன், ஓடவில்லை. கழுத்தைத் தடவினேன், நின்றாள். தலைக்கயிற்றைப் போட்டேன், கொக்கியைக் கொளுவினேன். அவளுடைய உடம்பு நடுங்கியது. அந்த நேரம் பார்த்து வாசலிலிருந்து கிழவியின் சத்தம். குளம்பு வெட்டுகிறவர் வேறு குதிரைக்காக வந்து அங்கே நிற்கிறாராம், உடனே கொண்டுவா, இப்போதே கொண்டுவா என்று கையை வீசுகிறார். கிழவியும் மாதக்கணக்காகக் காத்திருந்தவர்தானே.

நான் ஹேசலைப் பார்த்தேன். அவளுடைய காது பின்னால் போய்விட்டது. மறுபடியும் கயிறு, மறுபடியும் ஒருத்தன் இழுக்கப்போகிறான். இப்போது கொண்டுபோனால் குளம்பு வெட்டுப்படும், நான் கெட்டிக்காரன் என்று பெயர் வரும். ஆனால் அதற்குப்பிறகு அவள் ஒருத்தரிடமும் வரமாட்டாள், என்னிடமும்தான். கயிற்றைக் கழற்றினேன். கழற்றிவிட்டு நானே முதலில் திரும்பி நடந்தேன்.

கிழவி பேசிய பேச்சை எழுதினால் தபால்காரர் கடிதத்தைக் கொண்டுவரமாட்டார். நாலு மாதம் பிடிபடாத குதிரையைக் கையில் வைத்துக்கொண்டு விட்டவன் உலகத்திலேயே நீ ஒருத்தன்தான், நாளைக்கு வேலைக்கு வரவேண்டாம் என்றார். நான் மறுநாளும் போனேன். வரவேண்டாம் என்று சொன்னவர் தேத்தண்ணியை மேசையில் இடித்து வைத்துவிட்டுப் போனார், அவ்வளவுதான். அன்றும் கயிற்றைப் போட்டேன், சொறிந்துவிட்டேன், கழற்றினேன். வெள்ளிக்கிழமையும் அப்படியே. நித்திரை இல்லை, கௌரி. நான் பிடிவாதத்தால் ஒரு உயிரைக் கொல்லப்போகிறேனோ என்றுகூடப் பயந்தேன். பாலேந்திரா அண்ணை, "உனக்கு விசர் முத்திப்போச்சு, உன்ர மனுசி வந்திறங்க முதல் உன்னை ஆஸ்பத்திரியிலை சேர்க்கவேணும்" என்றார்.

சனிக்கிழமை லொறி வந்து வாசலில் நின்றது. ஹேசல் அதைக் கண்டதும் புல்வெளியின் கடைசி மூலைக்கு ஓடிவிட்டாள். நான் தோளில் கயிற்றோடு போய் நடுவிலே நின்று அவளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஏசத் தொடங்கினேன். வேறு எனக்கு என்ன தெரியும்? வியாபாரி சிகரெட் பற்றவைத்துக்கொண்டு சிரித்தான். ஏசி ஏசி என் தொண்டை வறண்டுபோனது. பிறகு முழங்கைக்குக் கீழே சூடான மூச்சு. கயிற்றைப் போட்டேன், நடந்தேன், பின்னாலே வந்தாள். லொறியைத் தாண்டிக் கொண்டுபோய் லாயத்தில் கட்டினேன். குளம்பு வெட்டுகிறவரைக் கிழவியே ரெலிபோன் பண்ணி வரவழைத்தார். வெட்டி முடியும்வரை அவள் என் சட்டைக் கையைச் சப்பிக்கொண்டு நின்றாள். லொறி வெறும் லொறியாகத்தான் போனது. பின்னேரம் நான் அவளைப் புல்வெளியில் விட்டபோது அவள் ஓடவில்லை. எனக்கு அழுகை வந்தது, அதை மறைக்கவும் இல்லை. கிழவி மறுபக்கம் பார்த்துக்கொண்டு நின்றார்.

இனித்தான் கௌரி நான் எழுதவந்தது.

போன ஞாயிறு ரெலிபோன் எடுத்தபோது நான் பிள்ளையைக் கேட்கவில்லை. நீரும் ஆச்சரியப்பட்டிருப்பீர். கேட்காமல் இருக்க நான் பட்டபாடு எனக்குத்தான் தெரியும். கதைத்துக்கொண்டிருக்கும்போது பின்னாலே அவளுடைய சத்தம் கேட்டது. "ஆரம்மா? அந்தக் குதிரை மாமாவோ?" நீர் அதட்டினீர், "மாமா இல்லையடி, அப்பா" என்று. அதட்ட வேண்டாம். அவள் பிறந்து இவ்வளவு காலத்தில் என்னைப் பற்றித் தானாகக் கேட்ட முதல் கேள்வி அது. மாமா என்ற சொல் நெஞ்சில் குத்தியதுதான், இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் அன்று முழுக்க நான் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்துக்கொண்டு திரிந்தேன். குதிரைக்கு என்ன நடந்தது என்று அவள் கேட்டால் முழுவதையும் சொல்லும். வந்து அப்பாவைக் கேள் என்று மட்டும் சொல்லிவிடாதேயும். அது வாளியில் தீன் காட்டுகிற வேலை.

குதிரையும் பிள்ளையும் ஒன்றா என்று நீர் கேட்பீர். ஒன்றில்லை. குதிரை என்னை விட்டுப் போனால் நான் இன்னொரு லாயத்தில் சாணி அள்ளுவேன். இவள் என்னிடம் வராவிட்டால் எனக்கு ஒன்றுமே இல்லை. அதனால்தான் பயப்படுகிறேன். யோசித்துப் பாரும், நெடுந்தீவிலிருந்து வள்ளத்தில் ஏற்றி யாழ்ப்பாணம் கொண்டுவந்தோம். யாழ்ப்பாணத்திலிருந்து நீர் அவளைத் தூக்கிக்கொண்டு கொழும்புக்கு ஓடினீர். ஒவ்வொரு முறையும் புதுச்சட்டை போட்டு, தலையிழுத்துச் சீவி, எங்கே போகிறோம் என்று சொல்லாமல். இப்போது மறுபடி புதுச்சட்டை, விமானம், முடிவிலே ஒரு தெரியாத மனுசன்.

இங்கே ஹீத்ரோவுக்குப் போக பாலேந்திரா அண்ணை ஒரு வான் ஒழுங்குபண்ணி, ஒன்பது பேரைச் சேர்த்து, வீடியோப் பிடிக்கவும் ஆள் வைத்துவிட்டார். ஆளுயரத்துக்கு ஒரு கரடிப் பொம்மையும் வாங்கியாயிற்று. என்ன நடக்கும் என்று உமக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நம்முடைய ஆட்கள் எல்லாரும் பிள்ளையைச் சுற்றி நின்றுகொண்டு, "இதார் சொல்லு பாப்பம், அப்பாவைத் தெரியேல்லையே, போ, அப்பாட்டைப் போ, ஒரு கொஞ்சுக் குடு" என்று முதுகில் பிடித்துத் தள்ளுவார்கள். அன்பாலே செய்வதுதான். நாங்கள் நாலு பேர் கயிறு பிடித்ததும் அன்பாலேதான். நான் ஒருத்தரும் வரவேண்டாம் என்று சொல்லிவிட்டேன். பாலேந்திரா அண்ணை இரண்டு நாளாக என்னோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. வானை அவர்தான் ஓட்டுவார், ஆனால் கார்ப்பார்க்கில் இருப்பார். கரடியை அவருடைய அலுமாரியில் வைத்துப் பூட்டிவிட்டேன்.

நீர் எனக்கு ஒரு உதவி செய்யவேண்டும். கதவால் வெளியே வரும்போது அவளை என் பக்கம் திருப்ப வேண்டாம். இவர்தான் அப்பா என்று சொல்லவேண்டாம். உமது சேலையைப் பிடித்துக்கொண்டு பின்னால் நின்றால் நிற்கட்டும். நான் உம்மைப் பார்த்துச் சுகம் கேட்டுவிட்டு, பெட்டியை வாங்கிக்கொண்டு முன்னே நடப்பேன். அவளைப் பார்க்கவில்லையே, நாலு வருசத்துக்குப் பிறகும் இந்த மனுசனுக்கு நெஞ்சு கல்லா என்று நினைத்துவிடாதேயும். கேட்டால் குதிரை மாமா என்றே சொல்லும். அடுத்த கிழமையும் மாமா, அடுத்த வருசமும் மாமா என்றாலும் ஒருத்தரும் திருத்தக்கூடாது. கிருஷ்ணமூர்த்தி அண்ணரை நினைத்து அவள் அழுதால் அழவிடும், நான் கோபிக்கமாட்டேன். அவளாக வந்து என் கையைத் தொட்டால் நீர் ஒன்றும் பேசாதேயும், சிரிக்காதேயும், அழாதேயும். நான் அவசரப்பட்டு அவளைத் தூக்கப் போனால், உமக்கு என் குணம் தெரியும், என் கையில் அடியும். யார் பார்த்தாலும் பரவாயில்லை, அடியும்.

முதல் நாள் அவள் நித்திரையான பிறகு மட்டும் எனக்குக் கொஞ்ச நேரம் தாரும். விளக்கைக் குறைத்துவிட்டு வாசலில் நின்று பார்க்கிறேன். உள்ளே வரமாட்டேன், தொடமாட்டேன். அவ்வளவுதான் கேட்கிறேன், கௌரி.

கடவுள் உங்கள் இரண்டு பேரையும் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும்.

உமது,
நேசன்